உம்மணாமூஞ்சிக்கு எழுந்து நின்றவர்கள்

1

அத்தா, என் தகப்பனார், இறந்து ஒரு வருடம் ஆகிறது. பிறைக் கணக்குப்படி அவருக்காக ஓதும் வருஷ ஃபாத்திஹா பத்துப் பதினோரு நாள் முந்தியே வந்துவிட்டது. உத்தமபாளையத்தில் காலை பத்து மணி என்றால் மெல்பர்னில் பிற்பகல் மூன்றரை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். காதர் அண்ணன் போன் போட்டு, "ஆயிசா, அசரத்து ஓதுறாக. கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் கூட்டத்தின் நடுவில் எங்கேயோ வைத்துவிட்டார்.

காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கேட்டேன். பாத்திரச் சத்தமும் ஒரு குழந்தையின் இருமலும் ஓதலோடு சேர்ந்து வந்தன. முடிவில் எல்லோரும் ஆமீன் சொன்னபோது நானும் சொன்னேன். பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண், "நீ கிறிஸ்தவள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாதே" என்றாள். இல்லை என்று விளக்க வேண்டும்தான். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். இந்த ஒரு வருடமாக அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடுகிறது.

அடுத்த வாரம் டென்னிஸ் தொடங்கியது. இந்த ஊரில் ஜனவரி என்றால் டென்னிஸ்தான். டிராம், கடை, பள்ளிக்கூட வாசல் எங்கும் அதே பேச்சு. எங்கள் குடும்பத்துக்கு டென்னிஸ் என்றால் ஒரே ஒருத்தி. அவளுடைய உண்மைப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அண்ணன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது: உம்மணாமூஞ்சி.

2

அத்தாவுக்கு உத்தமபாளையம் பஜாரில் மோட்டார் ரீவைண்டிங் கடை. சுற்றுப்பட்டில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் குமுளிக்கு மேலே ஓர் எஸ்டேட் கிளப்பில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இரண்டு வருடம் இருந்தார். டென்னிஸ் அவருக்கு அங்கே ஒட்டிக்கொண்டது. நீங்களும் ஆடினீர்களா என்று கேட்டால் பதில் வராது. ஆனால் ஆட்டத்தின் சட்டமெல்லாம் அத்துப்படி. சைபருக்கு டென்னிஸில் சொல்லும் 'லவ்' என்ற வார்த்தையை மட்டும் பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டார். "முப்பது சைபர்" என்பார்.

காதர் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு அதே கடையில் உட்கார்ந்தவர். நான் மெல்பர்னுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வருடம், தொண்ணூற்றேழில், தேனியில் தனியாகக் கடை போடுகிறேன் என்று அத்தாவிடம் கேட்டார். "ஒன் கைக்குக் காயில் சுத்து இன்னும் பழகல" என்றார் அத்தா. கடையில் நாலு பேர் நின்றபோது சொன்னார். அண்ணனுக்கு அப்போதே முப்பது வயது. தேனிக்குப் போகவில்லை. அத்தாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, "பேரிங் மாத்தியாச்சா", "காயில் வந்துருச்சா" என்ற அளவில் வருடங்கள் ஓடின.

அந்தச் சமயத்தில்தான் உம்மணாமூஞ்சி வந்தாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. வந்த வேகத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரிகளை அடித்து வெளியே அனுப்பினாள். ஜெயித்தால் துள்ள மாட்டாள், மண்டியிட மாட்டாள், அழ மாட்டாள். மட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துப் பூட்டுவாள். அத்தாவுக்கு முதல் நாளிலிருந்தே அவளைப் பிடித்துப்போனது. அண்ணனுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

ஓர் அரையிறுதியில் எதிரே ஆடிய பெண் தசைப்பிடிப்பில் சுருண்டு விழுந்து கதறினாள். உம்மணாமூஞ்சி பக்கத்தில் போகவில்லை. தன் கோட்டிலேயே நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு உலகமே இரண்டு கட்சியானது. எங்கள் வீடும்தான். அந்த வருடம் நான் ஊருக்குப் போயிருந்தேன். டிவி முன்னால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

"ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூடவா மனசு வராது? மனுசியா இவ?" என்றார் அண்ணன், டிவியைப் பார்த்து.

"அவ என்ன நர்சா? வெளையாட வந்தவ" என்றார் அத்தா, அவரும் டிவியைப் பார்த்து. "எந்திரிச்சா அடிப்பா. எந்திரிக்கலையின்னா போவா."

"செயிச்ச பெறகாச்சும் சிரிச்சாத்தான் என்னவாம்?"

"அவ பல்லப் பாக்கவா டிவி வாங்கி வச்சிருக்கு?"

அடுப்படியில் அம்மா என் காதருகே வந்து, "ரெண்டு பேரும் வாயத் தொறக்குறதே அந்தப் புள்ள டிவில வந்தாத்தான் ஆத்தா. அவ நல்லாருக்கணும்" என்றார்.

3

இங்கே இல்லத்தில் டோரத்தி என்று ஒரு பாட்டியம்மா இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பொது அறையின் டிவிக்கு அவர்தான் சொந்தக்காரர் மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆட்டம் எப்படிப் போகிறது என்று அவர் கேட்க, அத்தாவின் வழக்கப்படி "தர்ட்டி சீரோ" என்று சொல்லிவிட்டேன். கை தட்டிச் சிரித்தார். "அன்பே, அது லவ்" என்றார். அன்றிலிருந்து என்னிடம் தனிப் பிரியம்.

அத்தனை நல்ல மனுஷிக்கு உம்மணாமூஞ்சியைக் கண்டால் ஆகாது. அவள் சர்வீஸ் போட வந்தால் சக்கர நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அடுத்தவள் போடும்போது மறுபடி திரும்புவார். ஆட்டம் முழுக்க இது நடக்கும். ஒருமுறை காரணம் கேட்டேன். "ஜெயித்தால் கொஞ்சமாவது வெட்கப்படத் தெரிய வேண்டும்" என்றார்.

என் மகள் சபீனா நான்கு வயதில் இங்கே வந்தவள். எட்டு வயதில் அவள் அறைச் சுவரில் உம்மணாமூஞ்சியின் படம்தான் இருந்தது. பேத்தி நன்னாவின் கட்சி என்று என் அத்தாவுக்கு அதில் பெருமை. பன்னிரண்டு வயதில் ஒருநாள் பார்த்தால் படம் இல்லை. அந்த இடத்தில், தோற்றாலும் சிரிக்கும் வேறொரு பெண். ஏன் என்று தமிழில் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை, அவள் நைஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. இந்த ஊரில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய குற்றச்சாட்டு அதுதான். அத்தாவிடம் போனில் சொன்னேன்.

"நைசா இல்லையா? என்ன, மாவா அரைக்கப் போறா?" என்றார்.

அதற்கு அடுத்த ஜனவரியில் கணவரின் அலுவலகத்தில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. அவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஓடாது. நானும் சபீனாவும் போனோம். உம்மணாமூஞ்சியின் ஆட்டம். வெளியே விழுந்தது என்று சொன்ன ஒரு பந்தை அவள் மறுபடி பார்க்கச் சொன்னாள். திரையில் காட்டினார்கள். பந்து கோட்டைத் தொட்டிருந்தது. அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அரங்கம் முழுக்க ஏளனமாக "பூ" என்று கத்தத் தொடங்கிவிட்டது. சரியாகச் சொன்னதற்காகக் கத்துகிறார்கள் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பிப் பார்த்தால் சபீனா. வாயைச் சுற்றிக் கைகளைக் குவித்துக்கொண்டு கத்துகிறாள். வீட்டில் சாப்பிடு என்றால் ஒரு முனகல், தூங்கு என்றால் ஒரு முனகல். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உம்மணாமூஞ்சி சத்தம் அடங்கும்வரை பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சர்வீஸ் போட்டாள். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தாள்.

மறுநாள் அத்தா கேட்டார். "டிவில பார்த்தேன். அம்புட்டுப் பேரும் கத்துறாக. நீயும் கத்துனியா?"

"இல்லத்தா."

"கை தட்டுனியா?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு ஆத்தா அங்கன போனே?"

நான் இந்த ஊருக்கு வந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

4

இரண்டாயிரத்தெட்டில் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. நான் விசா எடுத்துக்கொண்டு போய் மூன்று வாரம் இருந்தேன். பிறந்த ஊருக்குப் போக விசா எடுப்பது முதல் தடவைதான் சங்கடமாக இருக்கும். பிறகு பழகிவிடும். கடையை அண்ணன் தனியாகப் பார்த்துக்கொண்டார். காலையில் அத்தாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் அவர்தான். அப்போதும் பேச்சு கிடையாது.

அடுத்த ஜனவரியில் டென்னிஸ் வந்தது. கூடவே கரண்ட் கட். தமிழ்நாடு முழுக்க முறை வைத்து நிறுத்திய காலம், உங்களுக்கு நினைவிருக்கும். உத்தமபாளையத்துக்குப் பிற்பகல் இரண்டு முதல் நாலு. இங்கே இரவு ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் சரியாக அதுதான். முதல் நாள் கரண்ட் போனதும் அண்ணன் கூப்பிட்டார்.

"ஆயிசா, ஒன் உம்மணாமூஞ்சி என்ன பண்றாள்னு அத்தா கேக்குறாக. காதுல வக்கிறேன், சொல்லு."

சொன்னேன். பதினைந்து சைபர். முப்பது சைபர். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கமிருந்து "ம்" என்று வந்தது. அவள் புள்ளியை விட்டால் "ம்" கொஞ்சம் நீளும். இரண்டு ஆட்டங்கள் இப்படிச் சொன்னேன். மூன்றாவது ஆட்டத்தன்று அண்ணன் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டோரத்திக்கு மதியச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அத்தா மவுத்தாயிட்டாக ஆயிசா. விடியக்கால, சுபுஹு நேரம். சாயங்காலம் அசருக்கு அடக்கம்."

சரி என்றேன். கிண்ணத்தில் பாதிக் கூழ் மிச்சமிருந்தது. கரண்டியில் எடுத்தேன். டோரத்தி வாயைத் திறந்தார். ஊட்டினேன். வழிந்ததைத் துடைத்தேன். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுதிச் சடங்கு எப்போது, எத்தனை நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டாள். இன்னும் ஒன்பது மணி நேரத்தில் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் ஒருவர் இறந்தால் அடக்கம் செய்ய ஒரு வாரம்கூட ஆகும். எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, நாள்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். "அப்படியானால் நீ போய்ச் சேர முடியாதே" என்றாள். முடியாது என்றேன். அலுவலக நடைமுறைக்கு இறப்புக்கான அத்தாட்சி ஏதாவது பிறகு தரச் சொன்னாள். தலையாட்டினேன்.

ஆனாலும் விசாவுக்கு முயன்றேன். மறுநாள் இந்தியாவுக்குக் குடியரசு தினம். ஆஸ்திரேலியாவுக்கும் அன்றுதான் தேசிய தினம். தூதரக அலுவலகத்தில் பதிவு செய்த குரல் முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் விடுமுறை என்றது. எனக்கு இருக்கிற இரண்டு நாடும் ஒரே நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடின. போனை வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். அழுகை வரும் என்று நாள் முழுக்கப் பார்த்தேன். வரவில்லை.

அந்த வாரம் உம்மணாமூஞ்சி கோப்பையை வாங்கினாள். அண்ணனிடம் சொன்னேன். "ம்" என்றார்.

5

மூன்றாவது ஆட்டத்தன்று ஏன் போன் எடுக்கவில்லை என்பதை நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகுதான் அண்ணன் போனில் சொன்னார்.

அன்றைக்கும் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அத்தா இடது கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்து ஊர் அனுமந்தன்பட்டிக்கு வேறு லைன். அங்கே கரண்ட் போவது காலையில். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு, ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்து, அத்தாவைத் தூக்கி உட்காரவைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அனுமந்தன்பட்டிக்குப் போயிருக்கிறார். அங்கே அண்ணனுக்குத் தெரிந்த ஒரே டிவி, பஸ் ஸ்டாப் பக்கத்து சலூன் கடை டிவிதான்.

"சலூன்ல நாலு பேரு படம் பாத்துக்கிட்டு இருந்தாய்ங்க. மாத்துப்பா, அத்தாவுக்கு மேலுக்குச் சொகமில்ல, ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போயிருவாகன்னு கெஞ்சுனேன். மாத்துனான். குட்டப் பாவாடையோட அவ வந்து நிக்கிறா. அத்தா தலையில தொப்பி. அம்புட்டுப் பேரும் எங்களத்தான் பாக்குறாய்ங்க. எனக்கு வெக்கமாப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அஞ்சு நிமிசத்துல எல்லாப் பயலும் ஆட்டத்துக்குள்ள வந்துட்டாய்ங்க. எதுக்க ஆடுறவ சிரிச்ச மொகம். எல்லாரும் அவ கட்சி. நம்மாளப் பாத்து ஒருத்தன், ஏலே இது ஆம்பளடா, மூஞ்சியப் பாரு, பிசாசு மாதிரிங்குறான். எல்லாவனும் சிரிக்கிறான். அத்தா எதுவோ சொல்ல வாராக, வாய் வரல. எச்சிதான் வருது. எனக்கு எங்கிட்டிருந்து வந்துச்சோ தெரியல. எந்திரிச்சிட்டேன்."

"என்ன சொன்னே?"

"யார்ரா பிசாசு? பதினெட்டு வயசுல இருந்து ஒத்தையா நின்னு செயிக்கிறாடா. ஒன் வீட்ல எவனாச்சும் ஒண்ணுல செயிச்சிருக்கானாடான்னு கேட்டுட்டேன். அடிதடி ஆயிருக்கும். கடைக்காரன்தான் நடுவுல வந்தான்."

"அத்தா?"

"என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக. டிவியப் பாக்கல. அவ செயிச்சதக்கூடப் பாக்கல."

வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில் அத்தா பேச முயன்றாரா என்று கேட்டேன். இடது கையால் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்றார் அண்ணன். வீடு வந்து சேர்ந்த பிறகும் விடவில்லையாம். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம்.

6

இந்த வருடம் சபீனாவே டிக்கெட் எடுத்திருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. அம்மா ஒரு வருடமாக எங்கேயும் வருவதில்லை என்று அவளுக்கு வருத்தம். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு உம்மணாமூஞ்சி ஆடும் முதல் பெரிய போட்டி. இரண்டாவது ஆட்டம். எதிரே பெயர் தெரியாத ஒரு சின்னப் பெண்.

உம்மணாமூஞ்சி ஓட முடியாமல் ஆடினாள். பந்து போகும் இடம் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது, கால்தான் போகவில்லை. இரண்டாவது செட்டில் ஒரு பந்தைத் துரத்திப்போய்க் கீழே விழுந்தாள். அரங்கம் "ஐயோ" என்றது. அந்த அரங்கத்தில் அவளுக்காக யாரும் ஐயோ சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவள் தொட்டதற்கெல்லாம் கைதட்டல். வலைக்குள் அடித்தால்கூடக் கைதட்டல்.

தோற்றாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்வரிசையில் ஒருவர், "இப்போதுதான் மனுஷி மாதிரி இருக்கிறாள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். சபீனா அழுதுகொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மூன்று வருடம் முன்பு கேட்ட அதே பெரிய குரல்.

"அம்மா, எழுந்திருங்க. எல்லாரும் நிக்கிறாங்க" என்றாள். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

"கால் மரத்துப்போச்சும்மா" என்றேன். பொய்யில்லை.

உம்மணாமூஞ்சி மட்டையைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். நின்றுகொண்டிருந்த கூட்டத்தை, மழை விட்டதா என்று பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்தாள். கையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கைதட்டல் பாதியில் தடுமாறியது. பின்வரிசைக்காரர், "பார்த்தாயா, கடைசி வரைக்கும் திருந்தவில்லை" என்றார்.

டிராமில் உட்கார இடம் கிடைத்தது. அண்ணனின் போன் வந்தது. ஊரில் பிற்பகல்.

"தோத்துட்டா" என்றார்.

"ம். கரண்ட் இருந்துச்சா?"

"இன்வெர்ட்டர் போட்டுட்டேன். போன மாசம். முன்னாடியே போட்டுருக்கலாம்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். பத்து வருடமாக இதற்காகத்தானே காத்திருந்தார்.

"எந்திரிச்சு நின்னு கை தட்டுறாய்ங்க, பாத்தியா?" என்றார். "வெக்கங்கெட்ட பயலுக. இம்புட்டு நாளும் வாய்க்கு வந்தபடி வஞ்சுபுட்டு."

"நீயும்தானேண்ணே வஞ்சே."

"நா வஞ்சது வேற."

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது.

"இனி நா யார ஆயிசா வைய?" என்றார் அண்ணன்.

எதிரே உட்கார்ந்திருந்த சபீனா என் முகத்தைப் பார்த்து, மாமா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். திட்டுவதற்கு அந்த மொழியில் எத்தனையோ சொல் இருக்கிறது. எங்கள் ஊரில் வைவதற்கு அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"மாமா அழுறாங்க" என்றேன்.